டேப் எங்கே போய் நிற்கும்?

டேப் விசையால் நடக்கிற வேலைகள் எல்லாம் ஒரு பள்ளி வினாத்தாளில் அடங்கிவிடும். இடது ஓரத்தில் வினா எண், அதையடுத்துக் கேள்வி. கேள்விக்குக் கீழே ஒரே வரியில் நான்கு விடைகள்: அ) கம்பர், ஆ) இளங்கோவடிகள், இ) திருத்தக்கதேவர், ஈ) சீத்தலைச்சாத்தனார். சற்றுத் தள்ளி ‘பொருத்துக’ என்று இரண்டு நிரல்கள் எதிரெதிரே. பகுதித் தலைப்பின் வலக்கோடியில் 5 × 2 = 10 என்று மதிப்பெண். நான்கும் வெவ்வேறு தேவைகள். டைப் அடிப்பவர் நான்குக்கும் அழுத்துவது ஒரே விசையைத்தான். வேர்டில் அடித்த அந்தத் தாளை லிப்ரே ஆபீசில் திறக்கும்போதோ, கூகுள் டாக்ஸில் ஏற்றும்போதோ, இணையப் பக்கமாக மாற்றும்போதோ ‘அலைன்மென்ட் போய்விட்டது’ என்ற புகார் எழுகிறது.

டேப்பை ஸ்பேஸாக மாற்று, ரூலரில் திரும்ப இழுத்து வை, அட்டவணையாக்கு, ஆர்.டி.எஃப். வழியாகக் கொண்டு போ, பி.டி.எஃப். ஆக்கி அனுப்பிவிடு என்று இதற்கு ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். ஒவ்வொன்றும் எங்காவது ஒருமுறை பலித்திருக்கும். அதனால்தான் அவை நிலைத்திருக்கின்றன. எது எப்போதும் பலிக்கும், எது தற்செயலாகப் பலித்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு முதலில் டேப் என்ன சொல்கிறது என்பது தெளிவாக வேண்டும்.

டேப் தனக்கென்று அகலம் இல்லாத குறி. ஆஸ்கி அட்டவணையில் அதன் எண் 9, யூனிகோடிலும் அதுவே. ‘இவ்வளவு இடம் விடு’ என்று அது சொல்வதில்லை. ‘அடுத்த நிறுத்தம் வரை போ’ என்று மட்டும் சொல்கிறது. பேருந்தில் ஏறி ‘அடுத்த ஸ்டாப்’ என்று சீட்டுக் கேட்பதைப் போன்றது இது. எங்கே இறங்குவோம் என்பதைத் தீர்மானிப்பவை வண்டி போகும் தடமும் நாம் ஏறிய இடமும்தான். நிறுத்தங்களின் பட்டியல் டேப்போடு சேர்ந்து பயணம் செய்வதில்லை. வேர்டு கோப்பில் அது பத்தியின் வடிவமைப்பிலோ பாணியிலோ எழுதப்பட்டிருக்கும். அங்கே எதுவும் இல்லையென்றால் ஆவணத்தின் இயல்பு இடைவெளி செல்லுபடியாகும்; அது வழக்கமாக அரை அங்குலம், அதாவது 1.27 செ.மீ. வெறும் உரைக் கோப்பில் பட்டியலே கிடையாது. திறக்கும் நிரல் எட்டு எழுத்துக்கு ஒன்று என்றோ நான்குக்கு ஒன்று என்றோ தானே வைத்துக்கொள்ளும்.

பழைய தட்டச்சு இயந்திரத்துக்கு இந்தச் சிக்கல் வந்ததில்லை. அங்கும் நிறுத்தங்கள் உண்டு. வண்டி ஓடிவந்து அங்கே நிற்கும். ஆனால் தாளில் பதிவானது விளைவு. தாளை எந்த ஊருக்கு எடுத்துப் போனாலும் எழுத்து நின்ற இடத்தில் நிற்கும். கணினிக் கோப்பில் பதிவாவது கட்டளை. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்தக் கட்டளை புதிதாக நிறைவேற்றப்படுகிறது. புதிய நிரலில், புதிய எழுத்துருவில், சில வேளை புதிய தாள் அளவில்.

நிறைவேற்றும் முறையிலேயே வேறுபாடு இருக்கிறது. ஒரு நிறுத்தம் 5 செ.மீ.யில் என்றால் எங்கிருந்து 5 செ.மீ.? வேர்டு பக்கத்தின் இடது மார்ஜினிலிருந்து அளக்கிறது. ஓபன் ஆபீஸ் வழிவந்த லிப்ரே ஆபீஸ் ரைட்டரின் மரபு பத்தி உள்தள்ளிய இடத்திலிருந்து அளப்பது. உள்தள்ளல் இல்லாத பத்தியில் இரண்டும் ஒன்றே. உள்தள்ளிய பத்தியில் அத்தனையும் நகர்ந்துவிடும். லிப்ரே ஆபீஸ் இதை அறிந்தே, எந்த மரபில் அளப்பது என்பதை ஆவணத்தோடு சேமிக்கும் ஓர் அமைப்பாக வைத்திருக்கிறது. வேர்டு கோப்பைத் திறக்கும்போது வேர்டின் கணக்குக்கு மாறிக்கொள்கிறது. எனவே கோப்பை முழுதாகத் திறந்தால் இந்தப் பிழை அரிது. பத்தியை மட்டும் நகலெடுத்து இன்னொரு ஆவணத்தில் ஒட்டும்போதுதான் தலைகாட்டும். அப்போது ஒட்டிய பத்திக்கு, அதை ஏற்ற ஆவணத்தின் கணக்கே பொருந்திவிடுகிறது. மாற்றும் நிரலைத் திட்டித் தீர்ப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அந்தத் திட்டில் பாதி அநியாயம்.

தமிழுக்குப் பெரிய இடி வேறிடத்திலிருந்து வருகிறது: எழுத்துருவின் அகலம். வேர்டு கோப்பில் எழுத்துருவின் பெயர் இருக்கும். பொதுவாக எழுத்துரு இருக்காது. விண்டோசில் லதாவிலோ நிர்மலாவிலோ அடித்த தாளை லினக்ஸில் திறந்தால் லோகித் அல்லது நோட்டோ வந்து உட்காரும். ‘இளங்கோவடிகள்’ என்ற சொல் ஓர் எழுத்துருவில் நிறுத்தத்துக்குச் சற்று முன்னால் முடிகிறது. இன்னொன்றில் நிறுத்தத்தைத் தாண்டிவிடுகிறது. தாண்டிய நொடியில் ‘அடுத்த நிறுத்தம்’ என்பது வேறொரு நிறுத்தமாகிறது. அங்கே இருக்க வேண்டிய இ) விடை ஒரு நிரல் தள்ளிப் போய் நிற்கும், ஈ) விடை வரியை விட்டே இறங்கிவிடும். ஒரு மில்லிமீட்டர் வேறுபாட்டால் மூன்று சென்டிமீட்டர் நகர்கிறது. ஆங்கில ஆவணங்களுக்கு இந்த அதிர்ச்சியைத் தாங்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன் ஆகியவற்றோடு எழுத்துக்கு எழுத்து அகலம் ஒத்த லிபரேஷன் எழுத்துருக்களும், காலிப்ரிக்கு ஒத்த கார்லிட்டோவும் லிப்ரே ஆபீஸ் உலகில் வெகுகாலமாகப் புழங்குகின்றன. அவற்றில் தமிழ் எழுத்துகள் இல்லை. எனவே ஒரே வினாத்தாளின் ஆங்கிலப் பதிப்பு கலையாமல் வருவதும் தமிழ்ப் பதிப்பு கலைந்து வருவதும் டைப் அடித்தவரின் திறமைக் குறைவால் அல்ல.

இனி யோசனைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டேப்பை ஸ்பேஸாக மாற்றுவது நிரலாளர்களின் உலகிலிருந்து வந்த வழி. அங்கே எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். பைத்தான் மொழியின் நடைக் கையேடே நான்கு ஸ்பேஸைத்தான் பரிந்துரைக்கிறது. அங்கே அது சரி. தமிழ் உரையில் அது முதல் அடியிலேயே விழும். ‘ர’வுக்கும் ‘ணௌ’வுக்கும் ஒரே அகலம் தரும் எழுத்துருவில் தமிழை வாசிக்கவே முடியாது, அகலம் சமமில்லாத எழுத்தில் ஸ்பேஸை எண்ணி நேர்க்கோடு பிடிக்கவும் முடியாது. எண்ணிக்கையும் பொய்க்கும். ‘கொ’ நம் கண்ணுக்கு ஓர் எழுத்து, யூனிகோடில் இரண்டு குறிகள், யூ.டி.எஃப்.-8 சேமிப்பில் ஆறு பைட். பைட்டையோ குறியையோ எண்ணி இடம் நிரப்பும் கருவி ஒவ்வொரு வரியிலும் ஒவ்வொரு விதமாகத் தவறும். இந்த வழிக்கு இன்னொரு குற்றமும் உண்டு. வலை உள்ளடக்க அணுகல்தன்மைக்கான டபிள்யூ3சி வழிகாட்டுதல்கள், வெற்று இடைவெளிகளால் நிரல்களையும் அட்டவணைகளையும் உருவாக்குவதைத் தவறு என்றே பட்டியலிடுகின்றன. திரைவாசிப்பானை நம்பியிருக்கும் பார்வையற்ற மாணவருக்கு ‘பொருத்துக’வின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே வாக்கியமாக ஓடிவிடும். தமிழ் ஆவணத்துக்கு இந்த யோசனையை முற்றாக ஒதுக்குகிறேன்.

ஆர்.டி.எஃப். வழியாகப் போவது 1990களின் நினைவு. மைக்ரோசாப்ட் 1987இல் கொண்டுவந்த அந்த வடிவம் டேப்பையும் நிறுத்தங்களையும் அவற்றின் வகைகளையும் வெளிப்படையாக எழுதிவைக்கும். கோப்பு திறக்கவே மறுத்த காலத்தில் அது பேருதவி. இன்றைய சிக்கல் நிறுத்தம் தொலைவது அன்று, தூரம் பொருந்தாமல் போவது. ஆர்.டி.எஃப். அதே தூரத்தைத்தான் சுமந்துவரும்.

பி.டி.எஃப். ஆக்குவது நேர்மையான யோசனை, ஒரு எல்லைக்குள். அதில் டேப் என்ற ஒன்றே இல்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் தாளில் ஆயத்தொலைவு குறிக்கப்பட்டிருக்கும். எழுத்துருவையும் உள்ளே பதித்துவிடலாம். தட்டச்சுத் தாளைப் போல விளைவைச் சுமக்கும் வடிவம் அது. அச்சகத்துக்கு அனுப்ப இதைவிட நல்லது இல்லை. ஆனால் அடுத்த ஆண்டு அதே தாளைத் திருத்த வேண்டும் என்று வரும்போது பி.டி.எஃப்.இலிருந்து திரும்பி வருவது மிகக் கொடிய பாதை. மாற்றும் நிரல் வெற்றிடத்தைப் பார்த்து ஊகிக்கிறது: இங்கே டேப்பா, அட்டவணையா, தனிப் பெட்டியா? ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனி நிறுத்தங்களை எழுதிவைக்கிறது. பார்க்க ஒழுங்காக இருக்கும். ஒரு சொல்லை மாற்றினால் குலையும். பி.டி.எஃப். சாட்சியாக இருக்கத் தகுந்தது, மூலமாக இருக்கத் தகாதது.

ரூலரில் நிறுத்தங்களைத் திரும்ப இழுத்து வைப்பதுதான் பெரும்பாலோர் செய்வது. கண் முன்னே சரியாவதால் மனநிறைவு தரும். பத்தி பத்தியாகச் செய்தால் அது அந்தக் கணினிக்கும் அந்த எழுத்துருவுக்கும் மட்டும் செய்த பழுதுபார்ப்பு; கோப்பு அடுத்த இடத்துக்குப் போனதும் மீண்டும் தொடங்க வேண்டும். நிறுத்தங்களைப் பத்திப் பாணியில் வைத்தால் நிலைமை வெகுவாக மேம்படும். ஓரிடத்தில் திருத்தினால் நூறு பத்திகள் திருந்தும்; வேர்டிலிருந்து ரைட்டருக்குப் பாணியோடு சேர்ந்து நிறுத்தங்களும் போகும். ஆனாலும் இந்த வழி தூரத்தையே நம்பியிருக்கிறது. மதிப்பெண்ணுக்காக வல நிறுத்தத்தை ஏ4 தாளின் வல மார்ஜினில் வைத்தோம் என்று கொள்வோம். 210 மி.மீ. அகலத் தாள் 215.9 மி.மீ. லெட்டர் தாளானால் மார்ஜின் நகரும்; நிறுத்தம் நகராது.

சிக்கலின் வேர் இந்தத் தூரம்தான். மாற்றத்தில் சிதைவது ‘இத்தனை சென்டிமீட்டரில்’ என்று சொல்லும் வடிவமைப்பு. ‘வல ஓரத்தில்’, ‘மேல்வரியின் இதே நிரலில்’ என்று உறவைச் சொல்லும் வடிவமைப்பு பிழைத்துக்கொள்கிறது. மென்பொருள் செய்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் ஷிஃப்ட்டோடு டேப் அழுத்தினால் எழுத்து சட்டத்தின் வல ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். சட்டத்தின் அகலத்தை மாற்றினாலும் ஓரத்தை விடாது. வேர்டிலும் 2007 முதல் மார்ஜினைச் சார்ந்து நிற்கும் டேப் ஒன்று இருக்கிறது. அதைப் பக்கத் தலைப்புக்கான பட்டியலுக்குள் வைத்துவிட்டதால் பலர் கண்ணில் பட்டதே இல்லை. பிற நிரல்கள் அதைக் கையாளும் விதமும் குறையுடையது. சரியான கருவியை இருட்டில் வைத்து, தவறான கருவியை விசைப்பலகையின் இடக்கோடியில் பெரிதாக வைத்த பொறுப்பு மென்பொருளாரையே சேரும். இதில் நான் அவர்களுக்குச் சலுகை தர மாட்டேன்.

இணையத்தின் கதை இதைவிடத் துயரமானது. எச்.டி.எம்.எல். டேப்பைச் சாதாரண இடைவெளியாகவே கருதும். அடுத்தடுத்து எத்தனை இருந்தாலும் ஒரே ஓர் இடைவெளியாகச் சுருக்கும். 1995இல் டேவ் ராகெட் எழுதிய எச்.டி.எம்.எல். 3.0 வரைவில் டேப்புக்கென்றே ஓர் உறுப்பு இருந்தது. ஒரு வரியில் ஓர் இடத்துக்குப் பெயர் வைத்துவிட்டு, கீழ்வரியில் ‘அந்தப் பெயருக்கு நேராகப் போ’ என்று சொல்லலாம். உறவைப் பேசிய டேப் அது. வரைவு காலாவதியானது, உறுப்பும் அதோடு போயிற்று. உலாவிகள் வேறு வழியில் போனதை முழுக்கக் குறை சொல்லவும் முடியவில்லை. கைபேசித் திரையில் 16 செ.மீ. நிறுத்தத்துக்கு என்ன பொருள்? திரைக்கேற்ப வரி மடிய வேண்டிய இடத்தில் நிலையான தூரங்களுக்கு வேலை இல்லை. ஆனால் விளைவு என்னவென்றால், வேர்டிலிருந்து இணையப் பக்கமாகச் சேமித்தால் டேப் இருந்த இடத்தில் உடையா இடைவெளிகள் சில கோத்து வைக்கப்படுகின்றன. ஜான் மேக்பார்லேன் 2006இல் தொடங்கிய பாண்டாக் என்ற மாற்றி இன்னும் கறாரானது. அதன் உள் ஆவண மாதிரியில் டேப்புக்கு இடமில்லை. வேர்டு கோப்பின் டேப்பை ஓர் இடைவெளியாக்கிவிட்டுப் போய்விடும். பலர் இதைப் பாண்டாக்கின் குறை என்பார்கள். போலியான நேர்த்தி தருவதைவிட இது நாணயமானது என்பேன்: பொருள் சொல்லப்படாத ஒன்றை அது பொருளுள்ளதுபோலக் காட்டுவதில்லை.

அட்டவணையாக்கும் யோசனை எஞ்சுகிறது. வேர்டிலும் ரைட்டரிலும் உரையை அட்டவணையாக மாற்றும் கட்டளை இருக்கிறது. டேப் இருக்கும் இடங்களில் வெட்டிக்கொள்ளும். கோடுகளை மறைத்துவிட்டால் அச்சில் வேறுபாடு தெரியாது. சொல் நீண்டால் கட்டத்துக்குள்ளேயே மடியும். பக்கத்து நிரலைத் தள்ளாது. வேர்டு, ரைட்டர், கூகுள் டாக்ஸ், எச்.டி.எம்.எல்., இபப் எல்லாவற்றுக்கும் அட்டவணை தெரியும். ‘பொருத்துக’வுக்கு இதுவே இயல்பான வடிவம், ஏனென்றால் அது பிறவியிலேயே அட்டவணை. நான்கு விடைகளுக்கும் அச்சில் இது பொருந்தும். திரையில் படிக்க ஒன்றன்கீழ் ஒன்றாகப் பட்டியலிடுவதே மேல், தாள் செலவு அங்கே இல்லை.

இந்த வழியிலும் ஒரு கண்ணி இருக்கிறது; தீர்வுகளைச் சொல்பவர்கள் பலரும் அதைச் சொல்லாமல் விடுகிறார்கள். டைப் அடிப்பவர் நிறுத்தம் வைக்காமல் கண்ணளவில் அடித்திருந்தால் ‘கம்பர்’ என்ற குறுஞ்சொல்லுக்குப் பின் இரண்டு டேப், ‘இளங்கோவடிகள்’ பின் ஒன்று என்று இருக்கும். அப்படியே மாற்றினால் வரிக்கு வரி கட்டங்களின் எண்ணிக்கை வேறுபடும். எனவே அடுத்தடுத்து வரும் டேப்புகளைத் தேடி ஒன்றாகச் சுருக்கிவிடு என்பார்கள். விடைகளுக்கு இது சரிவரும். மதிப்பெண் பட்டியலிலோ வரவு செலவுக் கணக்கிலோ இது பேரழிவு. அங்கே இரண்டு டேப் என்றால் நடுவில் ஒரு கட்டம் காலி என்று பொருள் இருக்கலாம்: அந்த மாணவர் அறிவியல் தேர்வுக்கு வரவில்லை. சுருக்கினால் அவருடைய சமூக அறிவியல் மதிப்பெண் அறிவியலின் கீழ் வந்து உட்காரும். பக்கம் அழகாக இருக்கும், தகவல் பொய்யாகும். சிதைந்த அலைன்மென்ட் கண்ணில் பட்டுவிடும், இந்தப் பிழை படாது. ஆகவே சுருக்குவதற்கு முன் ஒவ்வொரு வரியிலும் எத்தனை டேப் என்று எண்ணிப் பார்ப்பது கட்டாயம்.

இவற்றை எல்லாம் நிறுத்துப் பார்த்தபின் என் முடிவு இது. மாற்றிய பிறகு டேப்பைச் சரிசெய்வது தவறான இடத்தில் உழைப்பது. மாற்றுவதற்கு முன் மூலக் கோப்பிலேயே ஒவ்வொரு டேப்பும் என்ன வேலை செய்கிறது என்று கேட்டு, அந்த வேலைக்குரிய அமைப்பை வைக்க வேண்டும். வினா எண்ணுக்குத் தானியங்கி எண்ணிடல், பத்தியின் முதல் வரிக்குப் பத்தி உள்தள்ளல், ‘பொருத்துக’வுக்கும் விடைகளுக்கும் அட்டவணை, பொருளடக்கத்துக்குத் தலைப்புகளிலிருந்து தானே உருவாகும் பொருளடக்கம். டேப்புக்கு மிஞ்சுவது ஒரே வரியில் இடமும் வலமும் எழுத வேண்டிய இடங்கள் மட்டும்: பகுதித் தலைப்பும் மதிப்பெண்ணும், விண்ணப்பத்தில் ‘இடம்’ ஒரு பக்கமும் ‘இப்படிக்கு’ மறுபக்கமும், நீதிமன்ற மனுவில் பெயரும் புள்ளிக்கோட்டின் முடிவில் ‘மனுதாரர்’ என்பதும். அங்கே ஒரே ஒரு வல நிறுத்தம், பாணிக்குள் வைக்கப்பட்டது, போதும். இணையத்துக்குப் போகும்போது இதையும் கைவிட்டு வலம் ஒதுக்கும் வடிவமைப்பைத் தர வேண்டியிருக்கும். புள்ளிக்கோட்டுக்கு உலாவிகளில் இன்னும் நேரான வழி இல்லை, அச்சுக்கான சி.எஸ்.எஸ். முன்மொழிவில் அதற்கென்று ஒரு கட்டளை இருந்தும், பிரின்ஸ் போன்ற அச்சுநோக்கு மென்பொருள்கள்தான் அதை ஏற்றிருக்கின்றன. அந்த ஒரு குறையை ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும்.

இதற்கு எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு. தேர்வுக் காலத்தில் டி.டி.பி. மையத்தில் உட்கார்ந்து அடிப்பவருக்குப் பாணி, அட்டவணை என்று யோசிக்க நேரம் ஏது? டேப் ஒரு விசை. அட்டவணை பல சொடுக்கு. நேரக் கணக்கு உண்மைதான். ஆனால் அந்தச் சுமையை அவர் மீது ஏற்றச் சொல்லவில்லை. பள்ளியோ அச்சகமோ துறையோ ஒரு வார்ப்புருவை ஒருமுறை சரியாகச் செய்து கொடுத்தால், அடிப்பவர் கட்டத்துக்குள் உரையை நிரப்பினால் போதும். வேர்டின் அட்டவணைக்குள் டேப் விசை அடுத்த கட்டத்துக்குத்தான் கொண்டுபோகும். கையின் பழக்கம் மாற வேண்டியதில்லை. வார்ப்புருவைத் தராமல் அலைன்மென்ட் போனதற்கு அடித்தவரைக் கேட்பது முறையல்ல.

பழைய கோப்புகளின் கணக்கு தனி. திஸ்கி, டாம் போன்ற எட்டு பிட் குறியேற்றங்களில் அடித்து வைத்த ஆவணங்கள் நம்மிடம் மலையாகக் கிடக்கின்றன. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தன் தரமாக ஏற்றது. மாற்றும் வேலை இன்னும் ஓய்ந்தபாடில்லை. அந்தக் குறியேற்றங்களில் ‘கொ’ கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று குறிகளாக இருக்கும், யூனிகோடில் இரண்டாகும். குறிகளின் எண்ணிக்கையும் எழுத்துருவும் அகலமும் ஒருங்கே மாறிவிடுகின்றன. உரையை மட்டும் எடுத்து மாற்றும் கருவிகள் நிறுத்தங்களை விட்டுவிட்டு டேப் குறியை மட்டும் கொண்டுவருகின்றன. இங்கே பழைய தோற்றத்தை மீட்க முயல்வது வீண். டேப்பை நிரல்பிரிப்பானாக மட்டும் எடுத்துக்கொண்டு தகவலை அட்டவணையில் புதிதாக அமைக்க வேண்டும். அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது, பழைய எழுத்துரு இன்னும் வேலை செய்யும் ஒரு கணினியைத் தேடி, அந்தப் பக்கத்தை உள்ளபடியே பி.டி.எஃப். ஆக்கி மாற்றிய கோப்போடு வைப்பது. அது இல்லையென்றால், ஒரு கணக்குப் பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு டேப் ஒரு காலிக் கட்டமா, அல்லது அடித்தவர் கண்ணளவில் தள்ளிவிட்டதா என்று பிறகு யாராலும் தீர்த்துச் சொல்ல முடியாது.